வளர்ச்சியா, வீக்கமா? விற்பனை 4 கோடியிலிருந்து 11 கோடி ஆனது, கையில் காசு இல்லை

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · சனி, இரவு 10:12

வணக்கம். வீடியோ கான்ஃபரன்சிங் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பது என் தொழில். வெப்கேம், ஹெட்செட், ஸ்பீக்கர்ஃபோன், மீட்டிங் அறையில் மாட்டும் வீடியோ பார் (கேமரா, மைக், ஸ்பீக்கர் சேர்ந்தது), பெரிய திரை எல்லாம் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையில் ஆபீஸ், செங்குன்றம் பக்கம் ஒரு சின்னக் கோடவுன், என்னைச் சேர்த்து 9 பேர். தேசிய அளவிலான டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கி சப்-டீலர்களுக்கும், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் சில கம்பெனிகளுக்கும் கொடுக்கிறேன்.

2021-22இல் விற்றுமுதல் 4 கோடி. போன நிதியாண்டில் 11 கோடி. சொந்தக்காரர்கள் நான் கொட்டிக் குவிப்பதாக நினைக்கிறார்கள். இந்தத் தீபாவளிக்குப் பையன்களுக்கு போனஸ் கொடுக்க வீட்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது. விற்பனை ஏறுகிறது, பாங்கு பேலன்ஸ் இறங்குகிறது. எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நரசிங்கபுரம்காரன் · சனி, இரவு 10:31

தம்பி, எத்தனை நாள் கடன் கொடுக்கிறீர்கள்?

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · சனி, இரவு 10:40

பேச்சுக்கு 45 நாள், அண்ணே. வசூலாவது சராசரி 75 நாளில். வாங்குமிடத்தில் நான் 25 நாளில் கட்டியாக வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் பில்லிங்கை நிறுத்திவிடுவார்கள். கோடவுனில் எப்போதும் ஒரு மாத விற்பனைக்கான சரக்கு இருக்கும்.

நரசிங்கபுரம்காரன் · சனி, இரவு 10:58

ஓட்டை எங்கே என்று கேட்டீர்கள், இதோ நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு வந்தது ரேடியோ உதிரிபாகக் கடைக்கு எடுபிடியாக. பிறகு டேப் ரெக்கார்டர், டிவி போர்டு, கம்ப்யூட்டர், சிசிடிவி என்று தெரு மாறிக்கொண்டே வந்தது, நானும் கூடவே மாறினேன். மாறாத ஒன்று உண்டு: 2 சதவீத லாபத்துக்கு விற்றாலும் சாயங்காலம் காசு கல்லாவில் இருக்கும். அதே காசை மாதத்தில் 3 தரம் புரட்டினால் 6 சதவீதம். நீங்கள் ஐந்தோ ஆறோ வைத்து விற்கிறீர்கள், ஆனால் அந்தக் காசு ஒரு சுற்று வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. யார் பணக்காரன்?

பக்கத்து மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் தெரு. அங்கே டீ குடிக்கும்போது காதில் விழும் பேச்சு எல்லாம் எம்ஜி, அட்வான்ஸ், கமிஷன். எம்ஜி என்றால் மினிமம் கியாரண்டி. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணத்தை முன்னாடியே கட்டிவிட வேண்டும், நஷ்டம் வாங்கியவன் தலையில். கமிஷனுக்கு எடுத்தவனுக்குப் பங்கு குறைச்சல், தூக்கம் ஜாஸ்தி. ஏரியா பிடிக்க வேண்டும் என்ற வீராப்பில் எம்ஜிக்குப் படம் எடுத்து வீட்டை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வெப்கேமை எம்ஜிக்கு எடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பழைய_கிரெடிட்_கன்ட்ரோலர் · ஞாயிறு, காலை 7:05

அண்ணன் அனுபவத்தில் சொன்னதைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெரிய டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனியில் 17 வருடம் கடன் பிரிவில் இருந்தேன். உங்களைப் போன்றவர்களின் பில்லிங்கை நிறுத்தும் பாவி நான்தான்.

சரக்கு கோடவுனில் 30 நாள், விற்ற பிறகு வசூல் 75 நாள், மொத்தம் 105. அதில் டிஸ்ட்ரிபியூட்டர் தாங்குவது 25. மீதி 80 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. 11 கோடியை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 3 லட்சம். 80 நாளுக்கு 2 கோடியே 40 லட்சம். 4 கோடி விற்ற காலத்தில் இதே 80 நாளுக்கு 88 லட்சம் போதுமானதாக இருந்தது.

நடுவில் உள்ள ஒன்றரைக் கோடி யாருடைய பணம்? அதைச் சொன்னால் மேலே பேசலாம். மார்ஜின், செலவு இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · ஞாயிறு, காலை 9:20

சார், சொந்தப் பணம் 80 லட்சம். பாங்கில் கேஷ் கிரெடிட் (லிமிட் வரை எடுத்துக் கட்டும் தொழில் கடன்) 1 கோடி, வீட்டுப் பத்திரம் அங்கேதான் இருக்கிறது, வட்டி 11 சதவீதம். மீதி 60 லட்சம் சௌகார்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்றரை வட்டிக்கு.

மார்ஜின் இப்போது ஐந்தரை சதவீதம், ஆண்டுக்கு 60 லட்சம் வருகிறது. சம்பளம், வாடகை, வண்டி, கூரியர் எல்லாம் 38 லட்சம். 2021-22இல் மார்ஜின் 9, செலவு 16 லட்சம், கடன் கிடையாது.

பழைய_கிரெடிட்_கன்ட்ரோலர் · ஞாயிறு, காலை 9:41

பாங்கு வட்டி 11 லட்சம். ஒன்றரை வட்டி வருடத்துக்கு 18 சதவீதம், அது 10 லட்சத்து 80 ஆயிரம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 22 லட்சம். 60 லட்சத்தில் 38 போய், 22 போய், மீதி பூஜ்யம்.

4 கோடி விற்றபோது 36 லட்சம் வந்தது, 16 போனது, 20 லட்சம் வீட்டுக்கு வந்தது. அந்த வருடம் நீங்கள் முதலாளி. இப்போது பாங்குக்கும் சௌகார்பேட்டைக்காரருக்கும் சம்பளமில்லாத மேனேஜர். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · ஞாயிறு, காலை 9:48

கோபம் இல்லை சார். காப்பி ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

மேகக்கணி · ஞாயிறு, காலை 11:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் சாஃப்ட்வேர் ஆள். மெல்லிய மார்ஜினை இவ்வளவு பயந்து பார்க்க வேண்டுமா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் இந்தியாவில் தொடங்கி, 2007இல் பங்குச் சந்தைக்கு வந்து, வளைகுடா, ஆப்பிரிக்கா, துருக்கி வரை போயிருக்கிறார்கள். 2023-24இல் விற்றுமுதல் சுமார் 89 ஆயிரம் கோடி, நிகர லாபம் 1,200 கோடியைச் சுற்றி. சதவீதம் போட்டால் ஒன்றரைக்கும் கீழே. அவர்கள் வளரவில்லையா?

பழைய_கிரெடிட்_கன்ட்ரோலர் · ஞாயிறு, காலை 11:52

வளர்ந்தார்கள், உண்மை. ஆனால் யானை தண்ணீர் குடிக்கும் குளத்தில் ஆடு இறங்கலாமா? அந்த அளவில் இருப்பவர்கள் வாங்கும் வட்டி வேறு. பிராண்ட் அவர்களுக்குக் கொடுக்கும் தவணை வேறு. விலை இறங்கினால் கைவசம் உள்ள சரக்குக்கு வித்தியாசத்தை ஈடுகட்டும் பிரைஸ் ப்ரொடெக்‌ஷன் கேட்டு வாங்க முடியும், விற்காததைத் திருப்பி அனுப்ப முடியும். டீலர் ஓடிப்போனால் கிரெடிட் இன்ஷூரன்ஸ் ஓரளவு தாங்கும். லேப்டாப், செல்ஃபோன், கிளவுட், சர்வர் என்று பத்து வண்டி ஓட்டுகிறார்கள், ஒன்று படுத்தால் ஒன்பது இழுக்கும். நம்மவருக்கு ஒரே மாடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். க்வார்ட்டர் கடைசியில் சேல்ஸ் பையன் வந்து, ‘அண்ணா, இன்னும் 20 லட்சம் எடுத்தால் ஸ்லாப் தாண்டும், 2 சதவீதம் பேக்எண்ட்’ என்பானே, அதாவது கொள்முதல் இலக்கைத் தாண்டினால் பின்னால் வரும் தள்ளுபடி, அதற்காக எடுக்கிறீர்களா?

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · ஞாயிறு, மதியம் 12:30

எடுக்கிறேன். அந்த 2 சதவீதத்தை மனதில் வைத்துத்தான் சப்-டீலருக்கு விலையே சொல்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான்.

பழைய_கிரெடிட்_கன்ட்ரோலர் · ஞாயிறு, மதியம் 12:44

அந்த 2 சதவீதத்துக்கான கிரெடிட் நோட் எப்போது வருகிறது?

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · ஞாயிறு, மதியம் 12:46

மூன்று மாதம். ஒரு தடவை ஐந்து. ஒரு தடவை ‘ஸ்கீம் நிபந்தனை பூர்த்தியாகவில்லை’ என்று சொல்லி வரவே இல்லை.

நரசிங்கபுரம்காரன் · ஞாயிறு, மதியம் 1:10

வராத மழையை நம்பி விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதை. பேக்எண்ட் கைக்கு வந்தால் அது உங்கள் லாபம், வருவதற்கு முன்னால் அதை விலையில் விட்டுக்கொடுப்பது அடுத்தவன் லாபம். எந்தச் சப்-டீலர் 1 சதவீதத்துக்காக ஓடுகிறானோ அவன் 90 நாளில் பணம் கொடுப்பவனாகவும் இருப்பான், லெட்ஜரை எடுத்துப் பாருங்கள்.

(என்னவோ நான் ரொம்ப யோக்கியன் போலப் பேசுகிறேன். ஒரு பிரிண்டர் ஸ்கீமில் துபாய் டிரிப் கிடைக்கும் என்று 200 பெட்டி எடுத்தேன். துபாயும் போனேன். திரும்பி வந்து அந்தப் பெட்டிகளை விற்க இரண்டு வருடம் ஆனது.)

ஆடிட்டர்_மயிலாப்பூர் · ஞாயிறு, மாலை 5:20

வரிப் பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை, நான் வைக்கிறேன்.

ஒரு பில் வாராக்கடன் ஆனால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டதுண்டா? 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கிய சரக்கை 10 லட்சத்துக்கு விற்கிறீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 11 லட்சத்து 80 ஆயிரம். வாங்கியவர் பணம் தருகிறாரோ இல்லையோ, அடுத்த மாதம் ரிட்டர்னில் அந்த வரியை நீங்கள் கட்டியாக வேண்டும். அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், வராத பணத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற நம் சட்டத்தில் வழி இல்லை. ஆக, கையை விட்டுப் போவது சரக்கின் 9 லட்சத்து 50 ஆயிரமும் வரி 1 லட்சத்து 80 ஆயிரமும் சேர்ந்து 11 லட்சத்து 30 ஆயிரம். 5 சதவீத மார்ஜினில் அதை மீட்க 2 கோடியே 26 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதுவும் சம்பளம், வாடகை எதுவும் கழிக்காமல்.

அடுத்து, ‘உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு இருக்கிறது, 45 நாளில் பணம் தராவிட்டால் கம்பெனிக்கு வருமான வரியில் இடிக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கான 43பி(எச்) என்ற வருமான வரிப் பிரிவு 2023-24 நிதியாண்டில் வந்தது உண்மைதான். ஆனால் மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் உத்யம் பதிவைத் திறந்துவிட்டபோதே, அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வாங்கி விற்பவருக்குக் கிடையாது. உற்பத்தியோ சேவையோ செய்தால்தான். இதை நம்பி கம்பெனிக்காரர்களிடம் சட்டம் பேசிவிடாதீர்கள், அவர்களிடமும் ஆடிட்டர் இருக்கிறார்.

உங்களுக்கு உதவும் ஒரு விதி வேறு இடத்தில் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத வாடிக்கையாளர், அந்தப் பில்லில் எடுத்த இன்புட் கிரெடிட்டை (பில்லில் வந்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) வட்டியோடு அரசுக்குத் திருப்ப வேண்டும். இழுத்தடிக்கும் சப்-டீலருக்கு 150ஆவது நாளில் இதை மரியாதையாக நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள். செக் பவுன்ஸ் கேஸ் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது, செலவும் இல்லை.

எக்கோ_கேன்சல் · ஞாயிறு, இரவு 8:35

நான் ஏவி (ஆடியோ, வீடியோ) இன்டக்ரேட்டர். போரூரிலிருந்து சிறுசேரி வரை மீட்டிங் அறை கட்டிக் கொடுக்கும் வேலை. மேலே பேசியவர்கள் பணத்தைப் பேசினார்கள், நான் சரக்கைப் பேசுகிறேன். எந்தத் தொழிலுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான் என்றாலும், கான்ஃபரன்சிங் சாமானுக்கு என்று தனிக் குணம் இருக்கிறது.

முன்பெல்லாம் வீடியோ கான்ஃபரன்ஸ் என்றால் கம்பெனிக்கு ஒரே ஒரு அறை. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் டெலிஃபோன் லைன், தள்ளுவண்டி மேல் ஒரு டிவி, படத்தையும் குரலையும் சுருக்கி அனுப்ப பல லட்ச ரூபாய்க்கு ஒரு கோடெக் பெட்டி. எம்டி அமெரிக்காவோடு பேச வேண்டும் என்றால் நாங்கள் அரை மணி முன்னால் போய் டெஸ்ட் கால் போடுவோம். ஒரு டீல் கிடைத்தால் அந்த க்வார்ட்டரே ஓடிவிடும்.

பிறகு மென்பொருள் வந்தது. 2019 டிசம்பரில் ஜூம் மீட்டிங்குகளில் ஒரு நாளைக்குக் கலந்துகொண்டவர்கள் 1 கோடி, 2020 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 30 கோடி. அந்தச் சில மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். வெப்கேமுக்கு ரிச்சி தெருவில் அடிதடி. சாதாரண விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்தும் கிடைக்கவில்லை. உங்களுடைய 9 சதவீத மார்ஜின் அந்தக் காலத்தின் எச்சம். அதை இயல்பு என்று நினைத்துக்கொண்டு கோடவுன் எடுத்தீர்கள், ஆள் எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். லேப்டாப்பிலேயே நல்ல கேமரா வர ஆரம்பித்ததும் என் அலமாரியில் 140 வெப்கேம் தங்கிவிட்டது. இன்றும் சில இருக்கின்றன, பையன் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைத்து விளையாடுகிறான்.

இன்னொரு குணம், பிராண்ட் கை மாறுவது. பாலிகாம் என்றால் கான்ஃபரன்ஸ் ஃபோன், அந்த மூன்று கால் நட்சத்திர மீன். 2018இல் பிளான்ட்ரானிக்ஸ் அதை வாங்கியது, அடுத்த வருடம் பாலி என்று பெயர் மாறியது, 2022இல் எச்பி மொத்தத்தையும் வாங்கியது. மீட்டிங் மென்பொருள் வெப்எக்ஸ் 2007இல் சிஸ்கோவுக்குப் போனது, வீடியோ கான்ஃபரன்ஸ் கருவி செய்த டான்ட்பெர்க் 2010இல் அதே சிஸ்கோவுக்கு. ஒவ்வொரு தடவையும் பார்ட் நம்பர் மாறும், ஸ்கீம் மாறும், யார் வழியாக விற்பது என்பது மாறும். பத்து வருடம் ஒரு பெயரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு ஒரு மெயில் வரும், அவ்வளவுதான். அதனால் ஒரே பிராண்டில் 60, 70 சதவீதம் வைத்திருந்தால் குறையுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · ஞாயிறு, இரவு 9:02

ஒரே பிராண்ட் 72 சதவீதம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேகக்கணி · ஞாயிறு, இரவு 9:30

அப்படியென்றால் பெட்டி விற்பதையே விட்டுவிடலாமே? சந்தாவுக்கு வாருங்கள். மீட்டிங் லைசன்ஸ், கிளவுட் ஃபோன், வருடாவருடம் புதுப்பிப்பு. கோடவுன் வேண்டாம், கோழி மாதிரி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சென்னையிலேயே ஸோஹோ அதைத்தானே செய்கிறது?

எக்கோ_கேன்சல் · ஞாயிறு, இரவு 9:55

ஸோஹோ முட்டையிடும் கோழி. நாம் முட்டை சுமந்து விற்பவர்கள், இது வேறு தொழில். லைசன்ஸ் கமிஷன் சின்னது, கம்பெனி பெரிதாக ஆனதும் நேராக வாங்கிக்கொள்ளும்.

ஆனால் நீங்கள் கேட்டதில் பாதி சரி. மீட்டிங் ஆப் செல்ஃபோனில் இலவசம், மீட்டிங் அறைக்கு இலவசம் கிடையாது. ஓஎம்ஆரில் புது ஆபீஸ் எல்லாம் நாலு பக்கமும் கண்ணாடி, மேலே சரியில்லாத ஃபால்ஸ் சீலிங். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். எவ்வளவு விலை உயர்ந்த வீடியோ பார் வைத்தாலும் அந்த எதிரொலி போகாது. எங்கே மைக் தொங்க வேண்டும், எந்தச் சுவருக்குப் பேனல் ஒட்ட வேண்டும், யூஎஸ்பி கேபிள் எத்தனை மீட்டருக்கு மேல் போனால் படம் உறையும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு 5 சதவீதம் இல்லை, 25 சதவீதம் கிடைக்கும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் வருடப் பணம் முன்னாடியே வரும். பெட்டி வியாபாரத்தோடு சேர்த்துச் செய்வதாக இருந்தால் உங்கள் 9 பேரில் இரண்டு பேரைத் தொழில்நுட்பத்துக்கு மாற்றுங்கள்.

ஆடிட்டர்_மயிலாப்பூர் · ஞாயிறு, இரவு 10:05

சேவைக்குத் தனியாகப் பில் போட்டால், நான் மேலே சொன்ன 45 நாள் பாதுகாப்பு அந்தப் பில்லுக்கு வரும். உத்யமில் சேவையும் பதிந்திருக்க வேண்டும். ஒரே பில்லில் பெட்டியோடு சேர்த்து அடித்துவிட்டால் வாதம் செய்ய வேண்டியிருக்கும்.

பெருங்குடி_பர்ச்சேஸ் · திங்கள், காலை 10:40

நான் எதிர்த் தரப்பு. ஒரு ஐடி கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இந்த இழையில் எங்களைத் திட்டாமல் விட்டதற்கு நன்றி. பணம் ஏன் 75 நாள் ஆகிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், பாதி நேரம் காரணம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிஓ, அதாவது கொள்முதல் ஆணை, போடுகிறோம். சரக்கு வந்ததும் கேட்டில் பதிவு, பிறகு ஸ்டோர்ஸில் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது. உங்கள் பில், எங்கள் பிஓ, ஜிஆர்என் மூன்றும் வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் அக்கவுண்ட்ஸ் தொடும். போன மாதம் நடந்தது: பிஓவில் ‘12 வீடியோ பார், இன்ஸ்டலேஷனுடன்’ என்று ஒரே வரி. வெண்டர் 12 பெட்டியை இறக்கிவிட்டு முழுப் பில் போட்டார். 10 அறை முடிந்தது, 2 அறையில் தச்சு வேலை நடக்கிறது. ஐடி டீம் ‘வேலை முடிந்தது’ என்ற சைன்-ஆஃப் கொடுக்கவில்லை. 2 அறைக்காக 12 அறையின் பணமும் நிற்கிறது. அவர் தினமும் எனக்கு ஃபோன் செய்கிறார், என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிஓ வரும்போதே சப்ளை ஒரு வரி, இன்ஸ்டலேஷன் ஒரு வரி என்று பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் பெட்டிப் பணம் அன்றே நகர்ந்திருக்கும். கேட்டால் தருவோம், யாரும் கேட்பதில்லை. பிஓ கிடைத்த சந்தோஷத்தில் படிக்காமலேயே ‘நன்றி மேடம்’ என்று பதில் போடுகிறார்கள்.

45 நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் பில் தேதியிலிருந்து அல்ல, பில் எங்கள் இணையப் போர்ட்டலில் ஏற்றி ஏற்கப்பட்ட தேதியிலிருந்து. பில்லை டெலிவரி பையன் கையில் கொடுத்தனுப்பி, அது செக்யூரிட்டி மேஜையில் பத்து நாள் தூங்கினால் அந்தப் பத்து நாள் உங்களுடையது. எங்களுக்கு வாரம் ஒரு நாள்தான் பணம் அனுப்பும் பேமெண்ட் ரன். புதன் மாலைக்குள் அப்ரூவல் வராவிட்டால் அடுத்த வாரம்.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · திங்கள், மதியம் 1:15

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிலுவைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 90 நாள் தாண்டிய 7 பில்லில் 3 பில் போர்ட்டலிலேயே ஏறவில்லை. ஒன்றில் பிஓ எண்ணில் ஒரு இலக்கம் தப்பு, அது ரிஜெக்ட் ஆன மெயில் எங்கள் பழைய அக்கவுண்டன்ட் பெண்ணின் ஐடிக்குப் போயிருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய் நாலு மாதம். எல்லாம் சேர்த்து 14 லட்சம்.

பெருங்குடி_பர்ச்சேஸ் · திங்கள், மதியம் 1:22

இதைத்தான் சொன்னேன்.

மைக்செட்_மாம்பலம் · செவ்வாய், காலை 8:10

நான் விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறேன். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர், ஸ்டார் ஹோட்டல் மாநாடு, டெலிகேட் மைக், மொழிபெயர்ப்புக்கான இன்ஃப்ராரெட் ரிசீவர், நேரலை. மார்கழி வந்தால் சபாக்களுக்கு சவுண்ட். ஒரே கன்டென்சர் மைக் காலையில் மருத்துவர்கள் மாநாட்டிலும் சாயங்காலம் கச்சேரியிலும் நிற்கும். இரண்டு வருடத்தில் விலை திரும்பிவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம். அட்வான்ஸ் 50 சதவீதம் வராமல் வண்டி கிளம்பாது.

சரக்குக்காரருக்கு ஒரு கேள்வி. உங்களிடம் விற்காமல் தங்கிய கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கர்ஃபோன், பிடிஇசட் கேமரா (திரும்பி, சாய்ந்து, ஜூம் ஆவது) இருந்தால் பட்டியல் போடுங்கள். புது மாடல் எனக்கு வேண்டாம், மேடையில் யாரும் மாடல் எண்ணைப் பார்க்கப் போவதில்லை.

நரசிங்கபுரம்காரன் · செவ்வாய், காலை 8:45

டெட் ஸ்டாக்கை விற்பதற்கு மனசு வராது, தம்பி. ‘வாங்கின விலைக்குக் கீழே எப்படி’ என்று தோன்றும். ஒன்றரை வட்டி ஓடுகிறது என்பதை நினைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். ஒரு லட்ச ரூபாய் சரக்கு இன்னும் ஒரு வருடம் அலமாரியில் இருந்தால் 18 ஆயிரத்தை அதுவே தின்னும். 2015 வெள்ளத்தில் என் பக்கத்துக் கடைக்காரர் தரைத்தளத்தில் ‘நல்ல விலை வரும்’ என்று வைத்திருந்த யூபிஎஸ் எல்லாம் மிதந்தது.

எக்கோ_கேன்சல் · செவ்வாய், காலை 9:30

பெரிய திரை வைத்திருக்கிறீர்களே, 2025 செப்டம்பரில் என்ன ஆனது? 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகப்போகிறது என்று தெரிந்ததும் என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ‘22ஆம் தேதிக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · செவ்வாய், காலை 9:50

மூன்று வாரம் ஒரு திரைகூடப் போகவில்லை. 28 சதவீதம் கட்டி வாங்கிய 40 திரை. வரி வித்தியாசம் கிரெடிட்டாக லெட்ஜரில் இருக்கிறது என்கிறார் என் ஆடிட்டர். லெட்ஜரில் இருப்பதைக் கொண்டு சம்பளம் போட முடியாதே.

ஆடிட்டர்_மயிலாப்பூர் · செவ்வாய், காலை 10:15

நஷ்டம் இல்லை, முடக்கம். அடுத்த மாதங்களின் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் நோயே முடக்கம்தான் என்பதால் ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை.

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · நான்கு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்ன செய்தேன் என்று எழுதுவதாகச் சிலரிடம் தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன்.

லெட்ஜரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம், நானும் மனைவியும். அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. 31 சப்-டீலரில் 11 பேர் விலையில் ரொம்பப் பேரம் பேசுபவர்கள், அதே 11 பேர்தான் 80 நாளுக்கு மேல் இழுப்பவர்கள். அவர்களுக்குக் கடனை நிறுத்தினேன், ரொக்கம் என்றால் 1 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னேன். 4 பேர் ஒத்துக்கொண்டார்கள். 5 பேர் போய்விட்டார்கள். 2 பேர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை, அவர்களுக்கு 180 நாள் கடிதம் போயிருக்கிறது. ஒருவரிடமிருந்து பாதிப் பணம் வந்தது.

போர்ட்டலில் ஏறாத 14 லட்சம் ஏறி, அதில் 9 வந்துவிட்டது. அது அப்படியே சௌகார்பேட்டைக்குப் போனது. அவர் ‘என்ன அவசரம்’ என்றார்.

இந்த க்வார்ட்டர் ஸ்லாப்பை விட்டுவிட்டேன். சேல்ஸ் பையன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், இரண்டு டீ குடித்தான், முகம் வாடித்தான் போனான். அவனுக்கும் டார்கெட் இருக்கிறது, பாவம். இந்த ஆண்டு விற்றுமுதல் 8 கோடியைத் தாண்டாது என்று நினைக்கிறேன். பாங்கு மேனேஜர் ‘சேல்ஸ் குறைந்தால் லிமிட்டைப் புதுப்பிப்பது கஷ்டம்’ என்று ஒரு குண்டைப் போட்டிருக்கிறார். அதற்கு என்ன வழி என்று தெரியவில்லை.

பழைய_கிரெடிட்_கன்ட்ரோலர் · வெள்ளி, இரவு 10:02

பாங்குக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. விற்றுமுதலை வைத்து லிமிட் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் குறைக்கச் சொல்லலாம். ஆனால் கடனாளிகளின் வயதுப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், 90 நாள் தாண்டியது எவ்வளவு குறைந்தது என்று. 90 நாள் தாண்டிய நிலுவையைப் பொதுவாக டிராயிங் பவரில் (எவ்வளவு எடுக்கலாம் என்று பாங்கு போடும் கணக்கு) சேர்க்க மாட்டார்கள், அது குறைந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். லிமிட் 80 லட்சம் ஆனால்தான் என்ன? உங்களுக்கு இப்போது தேவையும் குறைவுதானே. ஆடிட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எக்கோ_கேன்சல் · வெள்ளி, இரவு 10:20

அந்த இரண்டு பையன்கள்?

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · வெள்ளி, இரவு 10:26

ஒருவன் உங்கள் சைட்டுக்குத் திங்கள் முதல் வருகிறான், ஒரு மாதம் கற்றுக்கொள்ளட்டும். இன்னொருவன் ‘நான் சேல்ஸ் ஆள், ஏணி ஏற மாட்டேன்’ என்றுவிட்டான்.

மைக்செட்_மாம்பலம் · சனி, காலை 7:30

பட்டியல் பார்த்தேன். 14 ஸ்பீக்கர்ஃபோன், 3 கேமரா எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன விலைக்கே. இன்று 4 மணிக்கு வாலர்ஸ் ரோடு முனையில் வண்டி நிற்கும். பணம் சீசன் முடிந்து ஜனவரியில் தந்தால் பரவாயில்லையா?

சிந்தாதிரிப்பேட்டை_சரக்கு · சனி, காலை 7:34

ஜிபே இருக்கிறதா அண்ணே?

நரசிங்கபுரம்காரன் · சனி, காலை 7:41

😂

மைக்செட்_மாம்பலம் · சனி, காலை 7:50

சரி சரி, இருக்கிறது. பில் ஜிஎஸ்டியோடு வேண்டும். பெட்டிக்குள் பவர் கேபிள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொண்டுவாருங்கள், போன தடவை வேறொருவரிடம் வாங்கி நாலில் இரண்டுக்கு கேபிளே இல்லை.